மணியின் பல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் உதவியாளராக இருந்த கால்நடை கிளினிக்குக்குச் சுற்றிலும் உள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்துதான் நாய்கள் அதிகம் வரும். மிச்சச் சோறு தின்று வளர்ந்தவை. பல்லடியில் பழுப்புக் காரை பிடித்து வாய் நாறும். பச்சை எலும்பு கடிக்கும் நாய்களின் பல் மட்டும் பளிச்சென்று இருக்கும். பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் ஓய்வு பெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர், "தம்பி, நம்ம நாய் மணிக்கு வாய் நாறுது, என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது, "சீனர் கடையில் பன்றித் தொடையெலும்பு வாங்கிப் பச்சையாவே போடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் காரை உதிர்ந்தது. அப்புறம் மணி ஒரு பக்கமாகவே மென்றது. கண்ணுக்குக் கீழே வீங்கியது. நாயின் 42 பற்களில் மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்தான் கத்தரிபோல் இறைச்சியை அறுப்பது. அது பக்கவாட்டில் செதிலாகப் பெயர்ந்து உள்ளே நரம்பு தெரிந்தது. வேர்வரை சீழ். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். மயக்க மருந்து கொடுத்து, பல்லை வெட்டிப் பிரித்துத்தான் டாக்டரால் எடுக்க முடிந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உடலைத் தாங்கும் கால் எலும்பு பல்லையே உடைக்கும் அளவுக்கு உறுதியானது என்று டாக்டர் அன்றுதான் எனக்கு விளக்கினார். காரை போனாலும் ஈறுக்கு அடியில் நோய் இருக்கலாம். ஆப்பிரிக்கக் காட்டுநாய்களின் மண்டையோடுகளைப் பார்த்து 1999-இல் வந்த ஆய்வில் ஐந்தில் இரண்டுக்கு ஈறுநோய். ஏறக்குறையப் பாதிக்குப் பல் உடைந்திருந்தது. இரையை எலும்போடு கடித்துத் தின்னும் காட்டு மிருகத்துக்கே இந்தக் கதி.

வேகவைத்த எலும்பு இன்னும் மோசம், சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

பச்சை எலும்பே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. கட்டை விரல் நகம் பதியாத எதையும் கொடுக்காதீர்கள், பக்கத்தில் இருந்து பாருங்கள், பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்கிறேன். பல் துலக்குவதுதான் முதல் வேலை.

மண்டோர் ஐயா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நல்லதுக்குத்தானே சொன்ன" என்றார். இப்போது தினமும் சாயங்காலம் லயத்து வாசல்படியில் மணியை மடியில் சாய்த்து, விரலில் ஈரத்துணி சுற்றி ஈறோரமாகத் தேய்த்துவிடுகிறார்.