கிடைத்த இடம்

அருங்காட்சியகத்தில் சேர்ந்த முதல் வருடம் என்னைக் காப்பறையில்தான் போட்டார்கள். அகழாய்வில் இருந்து வந்த பானை ஓடுகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் பொடி எழுத்தில் எண் போட வேண்டும். எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் பதிவேட்டில் 'கிடைத்த இடம்' என்ற பத்தியில் ஏறும். மேல்தளத்தில் சிலைகளும் நகைகளும் இருக்க, நமக்கு வாய்த்தது ஓடுதானா என்று மனம் சோர்ந்த நாட்கள் உண்டு.

ஒருநாள் இரண்டு பெட்டி ஓடுகளை ஒரே மேசையில் உலர வைத்திருந்தேன். ஜன்னல் வழியே வந்த காற்றில் சீட்டுகள் பறந்துவிட்டன. அப்புறம் எது எந்தப் பெட்டி என்று என்னால் பிரிக்கவே முடியவில்லை. ஓர் ஓடுகூட உடையவில்லை, தொலையவில்லை. ஆனாலும் காப்பாட்சியரின் முகம் வாடிவிட்டது. "இது மேல் அடுக்கா, கீழ் அடுக்கா? அது தெரியாம இதை வெச்சு காலம் சொல்ல முடியாதுப்பா" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எகிப்தில் அகழாய்வு செய்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியைப் பற்றிக் காப்பாட்சியர்தான் சொன்னார். எழுத்து தோன்றுவதற்கு முந்தைய எகிப்தியக் கல்லறைகளுக்கு ஆண்டுக் கணக்கு எதுவும் கிடையாது. எந்தப் பானை எந்தப் பானையோடு ஒரே கல்லறையில் இருந்தது என்பதை வைத்து, வடிவம் மாறிவந்த போக்கைப் பார்த்து, நூற்றுக்கணக்கான கல்லறைகளை முன்பின்னாக வரிசைப்படுத்தினார் பெட்ரி. அந்தப் பானைகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்திருந்தால் அந்த வரிசை பிறந்திருக்காது.

மண் வைத்திருக்கும் சேதி சில சமயம் பொருளிலேயே இருக்காது. இதற்கு நான் எப்போதும் நினைப்பது இன்றைய ஈராக்கில் லியோனார்ட் வூல்லி 1922 முதல் 1934 வரை தோண்டிய பழைய மெசொப்பொத்தேமிய நகரத்தை. நகரத்தின் பெயரே 'ஊர்' (Ur). அங்கே அரச கல்லறைகளில் இருந்த யாழ்களின் மரம் மக்கிப்போய், மண்ணில் வெறும் துளைகள்தான் மிஞ்சியிருந்தன. வூல்லி அந்தத் துளைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினார். இறுகியதும் சுற்றியிருந்த மண்ணை விலக்க, நான்காயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் புதைந்திருந்த யாழின் உருவம் எழுந்து நின்றது. பளபளப்பை மட்டும் தேடி வந்தவன் கையில் அலங்காரத் துண்டுகள் சில கிடைத்திருக்கும், யாழ் கிடைத்திருக்காது. திருட்டுத்தனமாகத் தோண்டி விற்கப்படும் பொருட்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். பொருள் என்றாவது மீட்கப்படலாம். அது கிடந்த மண்ணை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

பிறகு காட்சிப் பிரிவுக்கு மாறினேன். பழங்கால எகிப்திய அரசன் துத்தன்காமுன் கல்லறைக்குள் ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்களை அங்கேதான் நிதானமாகப் பார்த்தேன். பொருட்களை நகர்த்துவதற்கு முன்பே ஒவ்வொன்றின் அருகிலும் சின்ன எண் அட்டை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். 1922-ல் கண்டுபிடித்த கல்லறையிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை வெளியே கொண்டுவர ஹோவர்ட் கார்ட்டர் குழுவுக்குப் பத்து வருடம் பிடித்தது. உலகம் தங்க முகமூடியை நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அந்த அட்டைகள்தான் கண்ணில் நிற்கின்றன.

அடுத்த கண்காட்சியில், ஒவ்வொரு பேழையிலும் பொருளோடு அது மண்ணில் கிடந்தபோது எடுத்த படத்தையும் வைக்க வேண்டும் என்று கேட்டேன். இடம் போதாது, பார்க்க வருகிறவர்கள் மண்ணைப் பார்த்து என்ன செய்வார்கள் என்றார்கள். சரி, ஒரு பேழையில் மட்டுமாவது என்று கெஞ்சி வாங்கினேன். திறந்த அன்று ஒரு சிறுமி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். படத்தில் இருந்த மண் குவியலையும் பேழைக்குள் இருந்த குடுவையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு பாதி தெரியுதே, அது எங்கே?" என்று கேட்டாள்.

அது காப்பறையில் இருந்தது. எண் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் எடுத்து வந்து காட்டினேன்.