ஒரு நாளைக்கு ஓர் இடம்: அரையாண்டு லீவு நாட்குறிப்பு

டிசம்பர் 24, புதன்

பரீட்சை முடிந்து இன்று லீவு தொடங்கியது. பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நான்கு. போன லீவில் வாடகைக்கு கார் பிடித்து ஒரே நாளில் ஐந்து இடம் சுற்றினோம். காரில் வாந்தி எடுத்தது மட்டும்தான் பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது. அதனால் இந்தத் தடவை கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் பஸ்ஸில். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் இல்லை. ஆக, பெரியவனுக்கு அரை டிக்கெட் மட்டும்தான். அந்தக் காசைத் தானே கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டான்.

டிசம்பர் 26, வெள்ளி

மாத்தூர் தொட்டிப்பாலம். திருவட்டாறு வரை பஸ், அப்புறம் ஆட்டோ. ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோக 1966-ல் கட்டியது. 28 தூண்கள், அவற்றின் மேல் நீளமான சிமெண்ட் தொட்டி. 115 அடி கீழே பரளியாறு ஓடுகிறது. "ஆத்துக்கு மேல இன்னொரு ஆறாம்மா?" என்று பெரியவன் கேட்டான். நான் விளக்கம் சொல்வதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டான்.

தொட்டியின் மேல் மூடியிருக்கும் பலகைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, ஓடும் தண்ணீர் தெரியும். பழுத்த பலா இலை ஒன்றை அதற்குள் போட்டான். அடுத்த இடைவெளிக்கு ஓடிப் போய்க் குனிந்து பார்த்தான். மஞ்சளாக அது கடந்து போனதும் கத்தினான் பாருங்கள், எதிரே வந்தவர்களும் நின்று குனிந்து பார்த்தார்கள். பாதி தூரத்தில் இலை காணாமல் போனது. திரும்ப வந்து இன்னோர் இலை. இப்படியே ஆறு முறை. சின்னவள் கையை நான் ஒரு நொடிகூட விடவில்லை. இந்தப் பாலத்தில் குட்டிப் பிள்ளைகளைத் தனியே நடக்க விடவே கூடாது.

ஆற்றங்கரைக்குப் படியிறங்கி, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். ஏறும்போதுதான் மூச்சு வாங்கியது. மேலே வந்ததும் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய அன்னாசிப்பழம்.

டிசம்பர் 28, ஞாயிறு

விடியும் முன்பே தோவாளை பூச்சந்தை. பிச்சியும் அரளியும் கேந்தியும் குவியல் குவியலாகக் கிடந்தன. பூக்கட்டும் பாட்டி ஒருவர், "இந்தா மக்களே" என்று சின்னவள் கையில் சம்பங்கி இரண்டு கொடுத்தார். இரவு தூங்கும்போதும் அது அவள் கையிலேயே இருந்தது.

டிசம்பர் 29, திங்கள்

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாசல் வரை போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சின்னவள் அழுதுவிட்டாள். பக்கத்திலேயே நீலகண்டசுவாமி கோயில் தெப்பக்குளம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. படிக்கட்டில் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைத் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

டிசம்பர் 31, புதன்

சங்குத்துறை கடற்கரை. சற்றுத் தள்ளிக் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் நின்று இழுக்கும் முறை. பெரியவன் ஏக்கமாகப் பார்ப்பதைக் கண்ட ஒருவர், "பிடி மக்கா, விட்டுராத" என்று கயிற்றின் கடைசியில் இடம் கொடுத்தார். கால்மணி நேரம் இழுத்திருப்பான். உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன, ஆனாலும் விடவில்லை.

வலை கரை சேர்ந்ததும் சாளையும் நெத்தோலியும் வெள்ளி போலத் துள்ளின. நடுவே ஒரு பேத்தை மீன், வயிற்றில் காற்றை நிரப்பிப் பந்து மாதிரி உருண்டு கிடந்தது. முள் முள்ளாகத் தோல், முழித்துப் பார்க்கிற கண். சாப்பிட ஆகாத மீன் என்று சொல்லித் தண்ணீரில் வீசினார்கள். கொஞ்ச நேரம் மிதந்தது. அப்புறம் காற்றை விட்டுச் சட்டென்று முங்கிப் போனது. சின்னவள் கை தட்டினாள். அலையில் கணுக்கால் நனையும் அளவுக்கு மேல் இருவரையும் நான் விடவில்லை. நம் கடல் இழுக்கும்.

செலவு: பஸ், சுண்டல், எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய்க்குள்.

ஜனவரி 2, வெள்ளி

தேரூர் குளம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-ல் பிறந்த ஊர் இது. சுசீந்திரமும் தேரூரும் சேர்ந்த நீர்நிலைகளுக்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் 2022-ல் கிடைத்தது. வெயில் ஏறும் முன் போனால் கரையிலிருந்தே எல்லாம் தெரியும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. நீலத் தாழைக்கோழி செந்நிறக் காலைத் தூக்கித் தூக்கி நடந்தது. பெரியவன் பழைய நோட்டில் ஒவ்வொன்றாக வரைந்தான். சின்னவளோ கைக்கு எட்டிய ஒரே ஒரு தாமரை இலையில் தண்ணீரை ஊற்றி உருட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம், அதே இலை.

நாளை அரண்மனைக்குப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம், இங்கேயே வரலாம் என்கிறாள். சரி என்றுவிட்டேன்.