அப்பாவுக்கு மார்பின் வாங்கிய அனுபவம்

புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய பிறகு அப்பாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. இரவெல்லாம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முன்னால் போட்ட நாற்காலியின் முதுகில் நெற்றியைச் சாய்த்திருப்பார். சிறுவயதில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றே வேலை செய்தவர். வலி என்று வாய்விட்டுச் சொல்லாத மனிதர், ஒரு விடியற்காலையில் என் கையைப் பிடித்து, "தாங்க முடியவில்லையம்மா" என்றார்.

டிராமடால் என்ற வலி மாத்திரை இரண்டு வாரத்துக்கு மேல் கேட்கவில்லை. உள்ளூர் மருத்துவர், இனி கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் என்ற மருந்துதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "எங்கள் மருத்துவமனையில் அதை வைத்திருக்க அங்கீகாரம் இல்லை" என்றார். சீட்டை எடுத்துக்கொண்டு மூன்று மருந்துக் கடைகளில் கேட்டேன். மூன்றாவது கடைக்காரர் சீட்டை என் பக்கமே தள்ளி, "இதையெல்லாம் கடையில் கேட்காதீர்கள்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஏதோ திருட்டுப் பொருள் கேட்டவளைப்போல் வெளியே வந்தேன்.

இதற்கிடையே மாமா ஒருவர், கஞ்சா எண்ணெய் கொடுத்தால் வலி பறந்துவிடும், கொடைக்கானல் பக்கம் வாங்கிவிடலாம் என்றார். அவர் பாசத்தில் குறையில்லை. மருத்துவரிடம் கேட்டேன். "புட்டிக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறதென்றே தெரியாது, இந்த நிலையில் இருப்பவருக்கு அதை எப்படி அளந்து கொடுப்பீர்கள்?" என்றார். கஞ்சாவையும் மார்பினையும் ஆள்வது 1985ஆம் ஆண்டின் அதே போதைப்பொருள் சட்டம்தான். மருத்துவ, அறிவியல் தேவைகளுக்கு அந்தச் சட்டமே வழிவிடுகிறது. அபினிலிருந்து மார்பின் எடுக்கும் ஆலைகளைக் காசிப்பூரிலும் நீமச்சிலும் மத்திய அரசே நடத்துகிறது. அப்படியிருக்க, மருந்துக் கடையில் நான் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

வழி காட்டியவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர். அந்தப் போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தத்துக்கு முன் மார்பின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல அலுவலகங்களில் பல உரிமம் வாங்க வேண்டியிருந்தது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும் என்று விளக்கினார். அங்கீகாரம் பெற்ற கோவை மருத்துவமனை ஒன்றையும் சொன்னார். சட்டம் இவ்வளவு இளகிய பிறகும் எங்கள் ஊர் மருத்துவமனை விண்ணப்பிக்காமல் இருந்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நடுவட்டத்தில் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியா மருந்தான கொயினா தயாரித்த மலை இது. இங்கே அப்பாவுக்கு வலி மாத்திரை வாங்க நான் மலையிறங்க வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கோவை போனேன். பயாப்சி அறிக்கை, மருந்துச் சீட்டு, அப்பாவின் ஆதார், என் ஆதார் எல்லாவற்றிலும் அசலும் நகலும் கேட்டார்கள். போகிறவர்கள் செவிலியரின் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். எனக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது அதனால்தான். மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். அடிமையாகிவிடுவாரோ என்று கேட்டேன். வலிக்கேற்ற அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம், மலச்சிக்கல்தான் நிச்சயம் வரும், மலமிளக்கியை ஒரு நாளும் விடாதீர்கள் என்றார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு 10 மில்லிகிராம் மாத்திரை ஒவ்வொன்று; இரவு 10 மணிக்கு இரண்டு.

மருந்தகத்தில் இருந்த பெண் எட்டு அட்டைகளை எண்ணி வைத்து, ஒன்பதாவதில் நான்கு மாத்திரைகளைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். பதினான்கு நாளுக்கு 84. பெரிய பதிவேட்டில் தேதி, பெயர், கொடுத்தது, இருப்பு என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். அடுத்த முறை காலி அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும் வழியில் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க ஏறினார்கள். என் கைப்பையைக் காட்டச் சொன்னபோது, யாரும் கேட்காமலேயே மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "யாருக்கம்மா?" என்றார். அப்பாவுக்கு என்றேன். பையைத் தொடாமல் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

அன்றிரவு நாற்காலி சுவரோரம் கிடந்தது. காலையில் எழுப்பி மாத்திரை கொடுத்ததும் சாயம் தூக்கலாக ஒரு பிளேன் டீ கேட்டார். டம்ளரை அவரே பிடித்துக் குடித்தார்.

அதற்குப் பிறகு பத்து வாரம் இருந்தார். இடையில் இரண்டு முறை அளவு கூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் காலி அட்டைகளோடு போய் வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மிச்ச மாத்திரைகளை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போனேன். அதே பெண் ஒவ்வொன்றாக எண்ணி, பதிவேட்டில் 'திரும்பப் பெற்றது 31' என்று எழுதி, நிமிராமல் பேனாவை என்னிடம் நீட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.