ஜோன் டவாரெஸின் முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள்

2018 ஜூன் மாதக் கடைசியில், ரொறன்ரோவில் ஐஸ் ஹொக்கி பார்க்கும் எவருக்கும் பேசுவதற்கு வேறு விடயம் இருக்கவில்லை. நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணியின் தலைவர் ஜோன் டவாரெஸின் ஒப்பந்தம் முடிவடைய இருந்தது. ஜூலை 1 நண்பகலில் அவர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் ஒப்பந்தம் செய்யக்கூடியவர், ஆகிவிடுவார். மிசிசாகாவில் பிறந்து ஓக்வில்லில் வளர்ந்த அவர் எங்கள் ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸுக்கு வருவாரா என்பதே எல்லோருடைய கேள்வியும். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட்டோடு வளர்ந்து, ஸ்காபரோவில் என் மகனோடு சேர்ந்தே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட எனக்கு, ஒரு வீரரின் முடிவை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்தது அதுவே முதல் தடவை.

விதிகளைப் படித்தபோதுதான் அந்த நாட்களின் கனம் எனக்குப் புரிந்தது. வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் இளம் வீரர் தன் அணியைத் தெரிவுசெய்வதில்லை. அணிகளே அவரைத் தெரிவுசெய்கின்றன. 2009இல் முதலாவது ஆளாக ஐலண்டர்ஸ் அவரை எடுத்தது. பின்னர் 2011இல் கைச்சாத்தான ஆறு வருட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 55 இலட்சம் டொலர். அவர் தரத்துக்கு அது மிகக் குறைவு. 27 வயதாகியோ ஏழு பருவங்கள் ஆடி முடித்தோ இருந்தால்தான், ஒப்பந்தம் தீரும்போது ஒருவருக்கு முழுச் சுதந்திரம் கிடைக்கும். ஆக, ஒன்பது பருவங்கள் ஆடிய ஒரு மனிதர், எந்த ஊரில் வேலை செய்வது என்பதைத் தானே தீர்மானிக்கக் கிடைத்த முதற் சந்தர்ப்பம் அது. அவரைப் பேராசைக்காரர் என்று பேசியவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

லொஸ் ஏஞ்சலஸில் உள்ள அவருடைய முகவர் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஆறு அணிகள் தேடிச் சென்றன: ஐலண்டர்ஸ், லீஃப்ஸ், சான் ஹோசே, பொஸ்ரன், ராம்பா பே, டலஸ். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் காரில் விளையாட்டு வானொலியையே கேட்டுக்கொண்டிருந்தேன். "அவர் வருவார் அப்பா, பாருங்கோ" என்று மகன் உறுதியாகச் சொன்னான். அவர் ஐலண்டர்ஸிலேயே தங்குவார் என்பதற்கான காரணங்கள்தான் எனக்குக் கூடுதலாகத் தெரிந்தன. அப்போதைய விதிப்படி பழைய அணியால் மட்டுமே எட்டு வருட ஒப்பந்தம் கொடுக்க முடிந்தது, மற்ற அணிகளுக்கு ஏழுதான் எல்லையாக இருந்தது. அந்த வசந்தம்வரை லீஃப்ஸின் பொது முகாமையாளராக இருந்த லூ லமொரியெல்லோ ஐலண்டர்ஸுக்குப் போயிருந்தார். வொஷிங்டனுக்கு லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்று கொடுத்த பரி ட்ரொட்ஸ் அங்கே பயிற்சியாளராகியிருந்தார். நியூயோர்க்கின் பெல்மொன்ரில் ஐலண்டர்ஸுக்குப் புதிய அரங்கம் கட்டவும் முடிவாகியிருந்தது.

கனடா தினமான ஜூலை 1 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. உறவினர்கள் கூடியிருந்த இடத்தில், நண்பகல் கழிந்ததும் செய்தி வந்தது: லீஃப்ஸ், ஏழு வருடங்கள், 7.7 கோடி டொலர். சற்று நேரத்தில், சிறுவயதில் லீஃப்ஸ் சின்னம் போட்ட படுக்கை விரிப்பில் தான் உறங்கும் படத்தை அவரே வெளியிட்டார். ஊரை விட்டு வந்து திரும்ப முடியாமற்போன எங்களைப் போன்றவர்களுக்கு, ஒருவர் விரும்பித் தன் ஊருக்குத் திரும்புவது எவ்வளவு பெரிய பேறு என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. நான் உண்மையாகவே நெகிழ்ந்துபோனேன்.

ஆனால் ஐலண்டர்ஸின் ஊரான லோங் ஐலண்ட் ரசிகர்களின் இழப்பும் எனக்கு விளங்கியது. பெப்ரவரியில் வீரர் பரிமாற்றக் காலக்கெடுவுக்கு முன் அவரை வேறு அணிக்கு மாற்றியிருந்தால் ஐலண்டர்ஸுக்குப் பதிலுக்கு ஏதாவது கிடைத்திருக்கும். அவர்கள் மாற்றவில்லை, எதுவும் கிடைக்கவில்லை. 2019 பெப்ரவரி 28 அன்று அவர் ஐலண்டர்ஸ் ஆடும் நஸாவ் கொலிசியம் அரங்கத்துக்குப் போனபோது, நன்றி தெரிவிக்கும் காணொளி ஓடுகையிலேயே அரங்கம் முழுவதும் அவரைக் கூச்சலிட்டு வெறுத்தது. 2016இல் இரண்டாவது மேலதிக நேரத்தில் கோல் போட்டு, 1993க்குப் பிறகு அந்த அணிக்கு முதலாவது பிளேஓஃப் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்று) தொடர் வெற்றியைத் தந்தவரும் அவரே என்பதை நினைத்தபடி நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐலண்டர்ஸ் 6–1 என்று வென்றது.

ரொறன்ரோவிலும் முறைப்பாடு எழாமல் இல்லை. அந்தப் பருவத்தில் ஒரு அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பள உச்சவரம்பு 7.95 கோடி டொலர், அதில் 1.1 கோடி ஒருவருக்கே போனது. லீஃப்ஸின் இளம் வீரர் வில்லியம் நீலாண்டரின் ஒப்பந்தம் டிசம்பர் 1 கெடுவரை இழுபட்டது. அடுத்து அதே அணியின் மத்தியூஸும் மார்னரும் பெருந்தொகைக்குக் கைச்சாத்திட்டார்கள். பின்னர் பெருந்தொற்று வந்து உச்சவரம்பை உயராமல் நிறுத்தியதை 2018இல் எவராலும் கணித்திருக்க முடியாது. அந்தப் பழியை டவாரெஸ் மீது சுமத்துவதை நான் ஏற்கவில்லை. முதல் பருவத்திலேயே அவர் 47 கோல்கள் போட்டார். 2004க்குப் பிறகு லீஃப்ஸ் வென்ற முதலாவது பிளேஓஃப் தொடரை, 2023இல் ராம்பாவுக்கு எதிராக மேலதிக நேரத்தில் முடித்து வைத்ததும் அவருடைய கோல்தான்.

2025 ஜூனில் அந்த ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. இம்முறை அவர் ஜூலை 1 வரை காத்திருக்கவில்லை. வருடத்துக்கு 43.8 இலட்சம் டொலர் என்ற, பழைய சம்பளத்தில் பாதிக்கும் குறைவான தொகைக்கு, இன்னும் நான்கு வருடங்கள் ரொறன்ரோவிலேயே ஆட ஒப்புக்கொண்டார்.