டெக்கபோ தாண்டி 118: நியூசிலாந்தில் அபராதம் கட்டிய அனுபவம்

2018 டிசம்பரில் நான், மனைவி, மகள், அம்மா நாலு பேரும் நியூசிலாந்து போயிருந்தோம். கிறைஸ்ட்சர்ச்சில் வாடகைக் கார் எடுத்து டெக்கபோ ஏரி வழியாக வானாகா போவதாகத் திட்டம். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம், அந்தத் தைரியத்தில்தான் காரே எடுத்தேன்.

டெக்கபோவில் ஏரிக்கரை முழுக்க லூபின் பூத்துக் கிடந்தது. அங்கிருந்து புகாக்கி ஏரிப் பக்கம் போகிற எட்டாம் எண் நெடுஞ்சாலை பல இடங்களில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், வண்டிகளும் குறைவு. வேகம் உறைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் மரமோ வீடோ ஓட வேண்டும் இல்லையா, அங்கே மலைகள் தூரத்தில் அப்படியே நிற்கின்றன, 100ல் போனாலும் 120ல் போனாலும் கண்ணுக்கு ஒன்றுதான். இதில் இன்னொரு தப்பும் செய்தேன். ஊர் எல்லை முடிகிற சில இடங்களில் வெள்ளை வட்டத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு போட்ட பலகை இருக்கும். வரம்பு முடிந்துவிட்டது, இனி இஷ்டம்போல் போகலாம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு அர்த்தம் அது இல்லை. திறந்த சாலைக்கான பொது வரம்பு, அதாவது கார்களுக்கு 100, அங்கிருந்து தொடங்குகிறது என்று அர்த்தம்.

எதிரே ஒரு போலீஸ் கார் எங்களைக் கடந்து போனது. அவர்கள் ஓரமாக நின்று துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்தால்தான் வேகம் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, ஓடிக்கொண்டே எதிரே வரும் வண்டியின் வேகத்தை அளக்கிற ரேடார் அந்தக் காரிலேயே இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கார் திரும்பி, சிவப்பும் நீலமும் விளக்கு போட்டுக்கொண்டு பின்னால் வருகிறது. இண்டிகேட்டர் போட்டு, ஓரம் அகலமாக இருந்த இடத்தில் இடப்பக்கம் நிறுத்தினேன். "ஏம்ப்பா, ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா?" என்று அம்மா கேட்டபோது எனக்கும் கை நடுங்கியது.

இறங்கிப் போய்ப் பேச வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, நம் பழக்கம் அது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கையை ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்காருங்கள், அவர்களே வருவார்கள். வந்தவர் வணக்கம் சொல்லி, 118ல் வந்தீர்கள், இங்கே 100தான், அவசரமாக ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டார். இல்லை, கவனிக்கவில்லை, தப்புதான் என்றேன். ஒரு சின்னக் கருவியை நீட்டி அதில் பேசச் சொன்னார். குடித்திருக்கிறேனா என்று பார்ப்பதற்கு. லைசென்ஸ் கேட்டார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கிய சர்வதேச அனுமதிப் புத்தகத்தையும் சேர்த்து நீட்டினேன், ஆனால் நம் அட்டையே ஆங்கிலத்தில் இருப்பதால் அதை மட்டும் வாங்கிக்கொண்டார். ஊர் முகவரி, தங்கும் விடுதி, இரண்டையும் குறித்துக்கொண்டு சீட்டைக் கொடுத்தார். மொத்தம் பத்து நிமிடம். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை, அம்மாவைப் பார்த்து பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அந்த மரியாதையை நான் இன்னும் மறக்கவில்லை. அங்கேயே காசு வாங்குவது கிடையாது, கொடுக்க முயன்றால் அது லஞ்சக் குற்றமாகிவிடும், அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

கணக்கு இப்படி: வரம்புக்கு மேல் 10 கிலோமீட்டர் வரை 30 டாலர், 11 முதல் 15 வரை 80, 16 முதல் 20 வரை 120, அதற்கு மேல் ஏறிக்கொண்டே போய் 50ல் 630 வரை. நான் 18 அதிகம், ஆக 120 டாலர், அப்போது ஏறக்குறைய 6,000 ரூபாய். கூடவே ஓட்டியவர் பெயரில் ஏறும் 20 தண்டப் புள்ளிகள். வரம்பைவிட 40க்கு மேல் அதிகம் போய் போலீஸிடம் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 28 நாள் வண்டி ஓட்டத் தடை, 50ஐத் தாண்டினால் வழக்கு வேறு. வீசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று அன்று இரவு முழுக்கக் கவலைப்பட்டேன். இது அபராதக் குற்றம் மட்டும்தான், கட்டிவிட்டால் குற்றத் தண்டனையாகப் பதிவாவதில்லை. அது தெரிந்த பிறகுதான் தூக்கம் வந்தது.

கட்ட 28 நாள் அவகாசம் உண்டு. மறுக்க வேண்டுமானால் எழுதிப் போடலாம், வழி சீட்டிலேயே இருக்கிறது. நான் வானாகா விடுதியில் உட்கார்ந்து சீட்டில் இருந்த எண்ணைப் போட்டு கார்டில் கட்டி, ரசீதைச் சேமித்துக்கொண்டேன். கட்டாமல் ஊர் திரும்பினால் விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நினைவூட்டல் வரும், அப்புறம் நீதிமன்றம் போகும், அங்கே கூடுதல் செலவும் சேரும்.

சரி, முடிந்தது என்று நினைத்தால், ஊருக்கு வந்து மூன்று வாரம் கழித்து வாடகைக் கார் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல். ஏதோ ஒரு சின்ன ஊரில், 50 வரம்பு உள்ள தெருவில், 58ல் போனதைக் கேமரா பிடித்திருக்கிறது. கேமரா சீட்டு வண்டி உரிமையாளருக்குத்தான் போகும், அவர்கள் ஓட்டியவர் பெயரைக் கொடுப்பார்கள். அபராதம் வெறும் 30 டாலர், புள்ளியும் கிடையாது, ஆனால் பெயரை மாற்றிக் கொடுத்ததற்கான நிர்வாகக் கட்டணம் என்று அதைப்போல இரண்டு மடங்கை என் கார்டில் எடுத்திருந்தார்கள். இது எனக்கு நியாயமாகவே படவில்லை, எழுதிக் கேட்டேன். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன், இருந்தது.