ஃபிரீஃபிளை கற்கும்போது எதை உடுத்துவது?

ஸ்கைடைவிங்கில் முதல் உரிமம் பெற்று, வயிறு தரையை நோக்கியிருக்க விழுவது ஓரளவு கைவந்த பிறகு, பலருக்கும் அடுத்து எழும் ஆசை ஃபிரீஃபிளை. உட்கார்ந்தும், நின்றும், தலைகீழாகவும் விழக் கற்றுக்கொள்ளும் இந்தப் பிரிவை 1990களில் பரவச் செய்தவர்களில் ஓலாவ் ஸிப்ஸர் முதன்மையானவர். சென்னையிலிருந்து இதைக் கற்க விரும்பும் எங்களில் சிலர் பட்டாயாவுக்கோ துபாய்க்கோ விமானம் ஏறுகிறோம். பயிற்சிக் கட்டணத்துக்கும் விடுப்புக்கும் மாதக்கணக்கில் திட்டமிடுகிற நாங்கள், எதை உடுத்திக்கொண்டு குதிப்பது என்பதை மட்டும் பெட்டி கட்டும் இரவில்தான் யோசிக்கிறோம்.

வயிற்று நிலையில் விழுபவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். உட்கார்ந்த நிலையில் அது 240ஐத் தாண்டும். தலைகீழ் நிலையில் 270, 280 என்று போகும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 190இல் அடங்கியிருந்த அதே துணி 270இல் இருமடங்கு அழுத்தத்தைச் சந்திக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்தொடரில் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைச் சற்றே சாய்த்தாலே கை தானாக மேலெழும் அல்லவா, அந்த விசையை உடம்பின் ஒவ்வொரு மடிப்பிலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இங்கே உடை என்பது அழகுக்கான போர்வை அல்ல, உடம்பைத் திருப்பவும் நிறுத்தவும் உதவும் கருவி.

இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது பறக்கும் வசதியை அல்ல, கைப்பிடிகளை. பழுதான பிரதான பாராசூட்டைக் கழற்றிவிடும் கைப்பிடி மார்பின் வலப்புறத்திலும், அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட்டின் கைப்பிடி இடப்புறத்திலும், பிரதான பாராசூட்டை இழுத்துத் திறக்கும் சிறிய பைலட் பாராசூட் முதுகுப் பையின் அடியிலும் இருக்கின்றன. வயிற்று நிலையில் ஒழுங்காக இருக்கும் டீ-ஷர்ட், உட்கார்ந்த நிலையில் கீழிருந்து வரும் காற்றில் மேலேறி முன் கைப்பிடிகளை மூடிவிடக்கூடும். தேட வேண்டிய நொடியில் கைக்குத் துணிதான் அகப்படும். தொப்பி வைத்த ஹூடி, காலர் சட்டை, தளர்ந்த சால்வை ஆகியவற்றை இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். காலர் தனியாக ஒரு தண்டனை வேறு: இறங்கும்வரை கழுத்தில் படபடவென்று அடித்து, சிவந்த தடிப்பை விட்டுச் செல்லும். டீ-ஷர்ட்தான் அணியப் போகிறீர்கள் என்றால், உயர்ந்த இடுப்புள்ள காற்சட்டைக்குள் ஆழமாகச் செருகி, அதன்மேல் ஹார்னஸை, அதாவது பாராசூட் பையை உடம்போடு கட்டும் பட்டைகளை, இறுக்குவதே முறை.

கையில் ஏற்கெனவே இருக்கும் வயிற்று நிலை ஜம்ப்சூட்டையே (மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடை) அணியலாமே என்ற கேள்வி இயல்பானது. பெரும்பாலும் கூடாது. அந்த உடைகளில் காலணியை மூடி, முழங்காலுக்குக் கீழே காற்றைப் பிடிக்கும் பூட்டி எனப்படும் துணிப்பகுதி தைக்கப்பட்டிருக்கும். வயிற்று நிலையில் முன்னேறவும் திரும்பவும் அது பெரும் துணை. உட்கார்ந்து பழகும்போதோ, அதே துணி பாதங்களை மேலே தூக்கி, கற்பவரை மல்லாத்திவிடும். மல்லாந்தோ குப்புறவோ சாய்ந்தவரின் வேகம் சட்டென்று குறையும்; மேலே இருக்கும் பயிற்றுநர் வேகம் குறையாமல் அவர்மீது வந்து மோதக்கூடும். ஆகவே உடையின் குறை உங்கள் ஒருவரோடு நிற்பதில்லை.

இனி, தளர்வா இறுக்கமா என்ற பழைய வழக்கு. இப்போது காணொளிகளில் வரும் தேர்ந்தவர்கள் உடம்போடு ஒட்டிய உடையில் பறக்கிறார்கள். அதைப் பார்த்துத் தொடக்கநிலையினரும் அதையே வாங்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கைகளிலும் மேல் முதுகிலும் சற்றுத் தளர்வு இருந்தால், கற்பவரின் கைக்குக் காற்றில் ஊன்றிக்கொள்ள ஒரு பிடிப்புக் கிடைக்கிறது. அதற்காகக் கூடாரம்போல் தொங்கவும் வேண்டாம். மிகுந்த தளர்வு வேகத்தைக் குறைத்து, பயிற்றுநரோடு ஒரே மட்டத்தில் விழ முடியாமல் செய்யும். பருமனானவர் சற்றுத் தளர்வாகவும், மெலிந்தவர் சற்று இறுக்கமாகவும் அணிவது, உடல் எடையால் வரும் வேக வேறுபாட்டை ஓரளவு ஈடுகட்டும். துணியிலும் இதே கணக்குத்தான்: பருத்தி கலந்த துணி காற்றைப் பிடிக்கும், வழுவழுப்பான நைலானும் ஸ்பாண்டெக்ஸும் நழுவவிடும்.

வெளிநாட்டில் அளவு கொடுத்துத் தைக்கும் ஃபிரீஃபிளை உடை விலை மிகுந்தது. தொடக்கத்தில் பயிற்சித் தளத்திலேயே வாடகைக்கோ இரவலாகவோ பெறுவது நல்லது. அப்படியும் சொந்தமாக வேண்டும் என்றால், பாரிமுனை கோடவுன் தெருவில் பாலியெஸ்டர் கலந்த பருத்தித் துணியை வாங்கிக் கொடுத்து, கைத்திறன் உள்ள தையற்காரரிடம் காற்சட்டையை மட்டும் தைத்துக்கொள்ளலாம். முழங்காலிலும் பின்புறத்திலும் இரட்டைத் துணியும், பைகளுக்கு ஜிப்பும் கேளுங்கள். அளவை முக்காலியில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி எடுக்கச் சொல்வது முக்கியம். நின்று கொடுத்த அளவில் தைத்தால் உட்கார்ந்த நிலையில் இடுப்பு கீழிறங்கி, செருகிய சட்டை வெளியே வந்துவிடும். மயிலாப்பூரில் எனக்குத் தைப்பவர், "உக்காந்துக்கிட்டு பேன்ட்டுக்கு அளவு குடுக்கிற ஆளை இப்பதான் சார் பாக்குறேன்" என்றார். மேலுடையோடு சேர்ந்த முழு ஜம்ப்சூட்டை நம் ஊரில் தைத்துப் பார்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பிடிகளைச் சுற்றி அது எப்படி அமர வேண்டும் என்பது அத்தொழிலை அறிந்தவர்களுக்கே தெரியும்.

நம்மவர்கள் மறந்துவிடும் மற்றொன்று குளிர். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பதால், தரையில் 34 டிகிரி இருக்கும் நாளில்கூட 4,000 மீட்டரில் கதவு திறக்கும்போது வெப்பம் பத்துக்கும் கீழே இருக்கும். உள்ளே ஒட்டிய ஒரு மெல்லிய முழுக்கைப் பனியன் போதும். கையுறையும் மெல்லியதாகவே இருக்க வேண்டும், கைப்பிடியின் வடிவம் விரலுக்குத் தெரிய வேண்டும். காலணியில் நாடா கோக்கும் உலோகக் கொக்கிகள் இருந்தால் அவற்றில் பாராசூட் கயிறு மாட்டும்; துளைகள் மட்டுமே உள்ள காலணியை இறுகக் கட்டி, நாடாவின் மிச்சத்தை உள்ளே செருகுங்கள். ஹார்னஸின் இரண்டு தொடைப் பட்டைகளையும் பின்னால் இணைக்கும் எலாஸ்டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால், உட்கார்ந்த நிலையில் பட்டைகள் முழங்காலை நோக்கி நழுவக்கூடும் என்பதால், அந்த ஹார்னஸை வாடகைக்கு எடுக்காமல் வேறொன்றைக் கேளுங்கள்.