வாக்கியத்தின் வாலில் இருந்த இரண்டு சொற்கள்

இருமல் சிரப்பை ஏற்றுமதி செய்ய அரசு ஆய்வகத்தின் பகுப்பாய்வுச் சான்று கட்டாயம் என்ற அறிவிப்பு 2023 மே 22 அன்று வந்தது. ஜூன் 1 முதல் அமல். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய எங்கள் சரக்கு அப்போது பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மூன்று பேட்ச்.

நான் பயப்படவில்லை. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தின் அறிக்கை கையில் இருந்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருளுக்கு வரம்பு 0.1 சதவீதம், எங்களுடையதில் அது தென்படவே இல்லை. சுங்க முகவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது செல்லாது சார்" என்றார். சண்டை போட்டேன். அறிவிப்பை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் என்று இருந்தது உண்மைதான். வாக்கியத்தின் வாலில் 'மாநில அரசுகளின்' என்றும் இருந்தது. மத்திய அரசு ஆய்வகங்களின் பெயர்கள் தனியாக இருந்தன. தனியாருக்கு இடமே இல்லை. ஆசையோடு படித்தால் பாதிதான் கண்ணில் படும் போலும்.

பட்டியலில் இருந்த ஓர் ஆய்வகத்துக்கு மாதிரிகளோடு ஓடினேன். முதல் நாள் வீண். மூன்று பேட்சுக்கும் சேர்த்து ஒரே கடிதம் கொடுத்திருந்தேன், தனித்தனியாக வேண்டுமாம். இதை வாசலிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, சாப்பாட்டு வேளைக்கு எழுந்தபோதுதான் அந்த எழுத்தர் சொன்னார். மறுநாள் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். பிறகு காத்திருப்புதான். நம்மைப் போலவே எல்லோரும் அங்கே வரிசையில் நின்றால் என்ன ஆகும்? முன்பதிவு செய்த கப்பல் போய்விட்டது.

விதிமேல் எனக்குக் கோபம் இல்லை. காம்பியாவில் கிட்டத்தட்ட 70 குழந்தைகள் இறந்து, அது இந்திய இருமல் சிரப்போடு தொடர்புபடுத்தப்பட்டதை அடுத்துத்தான் இது வந்தது. சிரப்பில் கரைப்பானாகச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் பீப்பாயில் அந்த நச்சு கலந்திருந்தால் நிறத்திலோ இனிப்பிலோ கண்டுபிடிக்க முடியாது. கலவையைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை இயந்திரம்தான் சொல்ல வேண்டும். கோபமெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தின்மேல்தான்.

சான்று வந்த அன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். கவுண்டரை விட்டு நகராமல், அட்டைப்பெட்டி லேபிளின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். மூன்றாவது சான்றின் பேட்ச் எண்ணில் ஆங்கில 'பி' இருக்க வேண்டிய இடத்தில் 8. அப்படியே துறைமுகத்துக்குப் போயிருந்தால் இன்னொரு கப்பலும் போயிருக்கும். அதே எழுத்தர்தான், முணுமுணுத்துக்கொண்டே திருத்தி முத்திரை போட்டுத் தந்தார்.

அடுத்த ஆர்டரின் கடிதங்கள் இப்போது மேசைமேல் இருக்கின்றன: பேட்சுக்கு ஒன்று, எண் மட்டும் தடித்த எழுத்தில். கப்பலுக்கு இன்னும் இடம் பிடிக்கவில்லை. சான்று வரட்டும்.